ஒரு நாளைக்கு நானூறு

பெயர்: ரோஸ்லெட். வயது: ஐம்பத்தாறு. புகை பிடிக்கிறீர்களா? ஆமாம். எத்தனை வருடமாக? இருபத்தெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை? நானூறு.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு இந்தப் பதிவு என் திரையில் வந்து நின்றது. இரண்டு தடவை படித்தேன். தூங்கும் நேரத்தைக் கழித்தால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம். நானூறு என்றால் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. சாப்பிடக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து மேசை ஆல்பின் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பொம்பளையா, செங்கல் சூளையா?" என்றான்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் பதிவின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

மூச்சுத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு வேன். அதற்குள் ஒரு இயந்திரம். அரசு வைத்த பெயர் சுவாசப் பகுப்பாய்வி. அந்தப் பெயரை உச்சரிக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் அதற்கு மூக்கன் என்று பெயராகிவிட்டது. குழாயில் வாயை வைத்து இரண்டு நிமிடம் ஊத வேண்டும். நுரையீரலில் புற்று கட்டத் தொடங்கியிருந்தால் அதன் வாசனை மூச்சில் வருமாம். நமக்குத் தெரியாது. மூக்கனுக்குத் தெரியும். இருமல் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே தெரியும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஊத வேண்டும். சிவப்பு என்றால் ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை, எல்லாம் இலவசம்.

ஆனால் குழாய் எல்லோருக்கும் திறக்காது. முதலில் மூக்கன் கேள்வி கேட்கும். ஒரு பெண் குரல், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற மாதிரி. பதில்கள் ஆபத்துக் கோட்டைத் தாண்டினால்தான் குழாயின் மூடி விலகும். தாண்டாவிட்டால், "வாழ்த்துகள்! உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிடும்.

போன வருடம் என் அம்மாவுக்கும் சொன்னது. அம்மா அண்டி ஆபீஸில் வேலை செய்கிறாள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வறுக்கிற அறையில் இருபத்திரண்டு வருடம். வீட்டுக்கு வந்து, "மெஷின் எனக்கு வாழ்த்து சொல்லிச்சு பிள்ளே" என்று பரீட்சையில் தேறியவள் மாதிரி சொன்னாள். அன்றைக்கு நான் அவளோடு சண்டை போட்டேன். எதற்கு என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் சரியாகப் புரியவில்லை.

என் பெயர் பெனிலா. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். புள்ளியியல். நாகர்கோவிலில் உள்ள திட்ட அலுவலகத்தில் சரிபார்ப்பாளர். அதாவது, பொய் பிடிக்கிறவள். நாளைக்குப் பத்து பீடி வலிக்கிறவர் மூக்கனிடம் இரண்டு என்பார். மனைவி பக்கத்தில் நின்றால் ஒன்றுமே இல்லை என்பார். கூட்டிச் சொன்னவரை இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை. அதனால்தான் இயந்திரம் ரோஸ்லெட்டை நிறுத்திவைத்திருந்தது. நம்ப முடியாத எண்ணிக்கை. மூச்சில் நிகோடின் வாசனை: இல்லை. தகுதி ஐயம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சரிபார்க்கவும். தகுதியற்றவர் எனில் மூச்சுப் பதிவை அழிக்கவும். முடிவைத் தெரிவிக்கக் கூடாது.

நான் டாக்டர் நளாயினியின் அறைக்குப் போனேன். அவர்தான் மாவட்டத்துக்குப் பொறுப்பு. மதுரைக்காரர்.

"எதுக்கு மேடம் அழிக்கணும்? சிவப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன?"

"உக்காரு."

"நிக்கிறேன் மேடம்."

"சரி, நில்லு. மூக்கன் பத்துத் தடவை சிவப்புன்னா ஆறு தடவைதான் நிஜம். அதுவும் யாருகிட்ட? இருபது வருசம் சிகரெட்டா ஊதித் தள்ளின ஆளுங்ககிட்ட. அந்தப் பழக்கமே இல்லாதவங்ககிட்ட அது எத்தனை தடவை பொய் சொல்லும்னு யாருக்கும் தெரியாது. மொத வருசம் விதியை மீறி ஒரு பொம்பளையை உள்ள எடுத்தோம். சிவப்பு. சந்தேகத்துக்கு நெஞ்சுல ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க. நுரையீரல்ல ஓட்டை விழுந்து, காத்து எறங்கி, மூணு நாள்ல போயிட்டாங்க. கட்டியே இல்ல பெனிலா. ஒண்ணுமே இல்ல. அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னது நான்தான்."

எனக்கு அது தெரியாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை தடவை பொய் சொல்லும்னு ஏன் தெரியாது மேடம்?"

"யாரும் எண்ணல."

"எண்ணாதது யாரு தப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் தப்புன்னே வச்சுக்கோ. மத்தியானம் சாப்பிட்டதும் அதைத்தான் நெனச்சுட்டு உக்காந்திருப்பேன், வேற வேலை இல்ல பாரு. வியாழக்கிழமை காலையில பதிவு தானா அழிஞ்சுரும். அதுக்குள்ள நீ நேர்ல போ. அவங்க புகை பிடிக்கிறவங்களா இல்லையா, பாத்து எழுதிட்டு வா. போன்ல கேக்காத. போன்ல எல்லாரும் நல்லவங்க."

செவ்வாய்க்கிழமை காலை குலசேகரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு சின்ன பஸ். இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் அரை மணி நேரம் நடந்தேன். வரிசை வரிசையாக மரம், ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை, சிரட்டைக்குள் பால். பாதை முடிகிற இடத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கட்டடம். கூரையிலிருந்து மட்டும் புகை கசிந்துகொண்டிருந்தது. வெளியே நாலைந்து பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோஸ்லெட்னு இருக்காங்களா?"

"எந்த ரோஸ்லெட்?" என்றாள் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். "இஞ்ச பீடி ரோஸ்லெட் மட்டும்தான் உண்டு." மற்றவர்கள் கஞ்சி புரையேறச் சிரித்தார்கள்.

"சுஜி, வாய அடக்கு" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பின்னால் ஆள் வந்தது. தலையில் ஈரத்துண்டு, புகையில் பழுப்பேறிய நைட்டி, அதன் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. கண் இரண்டும் சிவந்திருந்தன. பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நாளைக்கு நானூறு ஊதுகிறவளுக்கு இப்படிப் பல் இருக்காது. பொய், என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவசரக்காரி நான்.

"சித்தி, நான் மூச்சுத் திட்டத்துல இருந்து வர்றேன். நீங்க புகை பிடிப்பீங்களா?"

"பிடிப்பேன்."

"எத்தனை வருசமா?"

"கல்யாணம் கழிஞ்சு ரெண்டாம் மாசம் தொடங்கினது. இருவத்தெட்டு."

"ஒரு நாளைக்கு?"

"நானூறு. மழைக்காலம்னா எரநூறு கெடைக்கதே பாடு."

"மழைக்கும் பீடிக்கும் என்ன சித்தி சம்பந்தம்?"

சுஜி தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். ரோஸ்லெட் மட்டும் சிரிக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா பிள்ளே. காட்டுதேன்."

கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. சூடு முகத்தில் அறைந்தது. துணி காயப்போட்ட மாதிரி, தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காகக் கம்புகள், கம்பு நிறைய ரப்பர் ஷீட்டுகள். கீழே அடுப்பில் ரப்பர் விறகும் தேங்காய் மட்டையும் எரியவில்லை, புகைந்துகொண்டிருந்தன. எரிந்தால் ஷீட் கெட்டுவிடுமாம். புகையத்தான் வேண்டுமாம்.

"இது புகைப்புரை. பால உறைய வச்சு, அடிச்சு ஷீட்டாக்கி, இதுக்குள்ள தூக்கிப் போடணும். நாலு நாளு புகை பிடிக்கணும். இல்லைன்னா பூசணம் புடிச்சுப் போவும். ஒரு பக்கம் புகை கொண்டா திருப்பிப் போடணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு ஷீட்டு." இருட்டுக்குள் அவர் குரல் மட்டும் சாதாரணமாக வந்தது. "கேட்டியா? பிள்ளே? நிக்கியா?"

நான் நிற்கவில்லை. வெளியே ஓடிவந்து ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு இருமினேன். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். சுஜி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாங்க ஆறு மணிக்கூர் நிப்போம் சாரே" என்றாள். சார், மேடம் வித்தியாசமெல்லாம் அவளுக்கு இல்லை. ஆபீசிலிருந்து வந்தால் சார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் புகை பிடிப்பதில்லை. பீடி வலிப்பார்கள். சிகரெட் குடிப்பார்கள். புகை பிடிப்பது என்பது ரப்பர் ஷீட்டுக்குச் செய்வது. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கல்லூரிக்குப் போய், அலுவலகத் தமிழ் பழகி, படிவத் தமிழில் யோசிக்கத் தொடங்கி, மறந்துபோயிருந்தேன். மூக்கன் படிவத் தமிழில் கேட்டது. ரோஸ்லெட் ஊர்த் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார்.

"நல்ல கூத்து இது" என்றாள் சுஜி. "போன வருசம் ஞானசௌந்தரி அக்காவும் அந்த வேனுக்குப் போச்சு. அதுக்கு அப்பவே இருமல் உண்டு. பீடி வலிக்கமாட்டேன்னு சொல்லிச்சு, மெஷினு வாழ்த்துகள்னு சொல்லிச்சு. நாங்க எல்லாம் கை தட்டினோம். ஈஸ்டருக்குள்ள அடக்கம் பண்ணியாச்சு. இப்ப இந்த அக்கா நானூறுன்னு சொல்லி, குடும்பத்துக்கே மெசேஜ் போயாச்சு."

"என்ன மெசேஜ்?"

ரோஸ்லெட் தன் போனை நீட்டினார். திட்டத்தின் முத்திரையோடு வந்திருந்தது: 'உங்கள் குடும்ப உறுப்பினர் ரோஸ்லெட் (56) நீண்டகாலப் புகைப்பழக்கம் உடையவராகப் பதிவாகியுள்ளார். அவரை வெறுக்காதீர்கள். அன்புடன் மீட்டெடுங்கள்.' இதை எழுதியவன் யாரென்று தெரிந்தால் புகைப்புரைக்குள் வைத்துப் பூட்டுவேன்.

"எனக்க கொழுந்தன் அத அப்படியே சபை குரூப்புல போட்டுட்டான்" என்றார் ரோஸ்லெட். "இருவது வருசமாட்டு நான் பாடகர் குழுவில பாடுதேன் பிள்ளே. போன ஞாயிறு குழுத்தலைவர் வந்து, 'விசாரிச்சு முடியது வரைக்கும் நீங்க சனங்களோட கீழ இருந்து பாடுங்க'ன்னார். கீழ இருந்து எப்படிப் பாட? வாய மூடிட்டு இருந்தேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ வந்தது நல்லதாப் போச்சு. பீடி இல்லைன்னு எழுதிக்கொடு. அந்தப் பேரு போவும் இல்லியா?"

"எழுதினா பேரு போகும் சித்தி. ஆனா..."

விதிப்படி அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லக் கூடாது. மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "உங்க மூச்சுல மூக்கன் சிவப்புன்னு சொல்லியிருக்கு. கட்டி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பத்துல நாலு தடவை அது தப்பு. உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட எத்தனை தடவை தப்புன்னே தெரியாது. பீடி இல்லைன்னு நான் எழுதினா பேரு சுத்தமாயிரும். கூடவே அந்தச் சிவப்பையும் அழிச்சுருவாங்க. ஸ்கேன் கிடையாது. ஒண்ணும் கிடையாது."

அவர் சிரட்டையை மரத்தின் வெட்டுக்காயத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஞானத்துக்கு இருந்தது மாதிரியா?"

"அவங்களுக்கு முத்தின பிறகு தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு இருந்தா, சின்னதா இருக்கும்போதே தெரியுது."

"பின்ன பீடின்னே எழுது. நான் கீழ இருந்தே கும்பிட்டுட்டுப் போறேன்."

"பொய் எழுத முடியாது சித்தி. நான் எழுதறத இன்னொரு மெஷின் பாக்கும். பிடிச்சா எல்லாத்தையும் பாதியில நிறுத்திருவாங்க."

"உண்மை எழுதினா போச்சு, பொய் எழுதினாலும் போச்சு" என்றார். "நீ எதுக்காக்கும் படிச்ச?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. என் துப்பட்டா முழுக்கப் புகை நாற்றம். பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். போனில் படிவத்தைத் திறந்து, ஒரு ஓட்டை கிடைக்குமா என்று முதல் வரியிலிருந்து படித்தேன். எழுபத்தொரு பக்கம். தக்கலை தாண்டும்போது அறுபதாவது பக்கத்தில் இருந்தேன். இத்தனை பக்கத்தில் பீடி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. சிகரெட் இல்லை. புகையிலை இல்லை. எழுதின ஆள் கௌரவமானவர் போலிருக்கிறது. எங்கும் 'புகை பிடித்தல்'தான். எதன் புகை, எதற்குப் பிடிப்பது, ஒரு விளக்கமும் இல்லை.

கடைசிப் பக்கத்தில், யாருமே படிக்காத அளவு சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'பொருள் குறித்து ஐயம் எழுமாயின், இப்படிவத்தின் தமிழ் வடிவமே இறுதியானது.'

நான் பஸ்ஸுக்குள் சத்தமாகச் சிரித்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அங்கேயே நிரப்பினேன். புகை பிடிக்கிறாரா? ஆம். எத்தனை ஆண்டுகள்? 28. நாளொன்றுக்கு? 400. சரிபார்ப்பாளர் குறிப்பு: நேரில் பார்த்தேன். உடன் இருந்த இரண்டு நிமிடத்தில் எனக்கே தாங்கவில்லை.

புதன்கிழமை காலை டாக்டர் நளாயினி அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நானூறு பீடியா?"

"படிவத்துல பீடின்னு எங்கயும் இல்ல மேடம்."

"மூச்சுல நிகோடினே இல்லன்னு மூக்கன் சொல்லுது."

"நிகோடின்னும் இல்ல மேடம். படிவத்துல." கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். சின்ன எழுத்து வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தேன்.

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துப் படித்தார். வாசல் பக்கம் ஆல்பின் போவதும் வருவதுமாக இருந்தான்.

"அந்த ஊசிப் பொம்பளைய நான் மறக்கல பெனிலா."

"மறக்க வேண்டாம் மேடம். ஊசி போடாதீங்க. மொதல்ல ஸ்கேன் மட்டும் எடுங்க. கண்ணால பாருங்க. ஒண்ணுமில்லன்னா வீட்டுக்கு அனுப்பிருங்க. எண்ணிக்கையில ஒரு பொய்ச் சிவப்புன்னு சேத்துக்கோங்க. அப்படியாவது எண்ணத் தொடங்குவோம்."

"நான் கேக்குறதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. அவங்க புகை பிடிக்கிறாங்களா?"

"ஆமா மேடம்."

"உன் பையிலகூட அந்த நாத்தம் அடிக்குது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். "அந்த இடத்துல மொத்தம் எத்தனை பேரு வேலை பாக்குறாங்க?"

"அவங்களையும் சேத்துப் பதினொண்ணு."

"எல்லாரும் புகை பிடிக்கிறவங்களா?"

"எல்லாரும், மேடம்."

"அடுத்த மாசம் வேனை அங்க அனுப்பு."

ஸ்கேன் வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் மூலையில் கொண்டைக்கடலை அளவில் ஒன்று இருந்தது. பார்த்த மூன்று மருத்துவர்களுக்கும் அதன் ஓரம் பிடிக்கவில்லை. ஊசி போடாமல், சின்னத் துளை வழியாக அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்தாவது நாள் டாக்டர் நளாயினி என் மேசைக்கே வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

"நிஜம்தான் பெனிலா. புத்துதான். ஆனா மொத நிலை. முழுசா எடுத்தாச்சு, வேற எங்கயும் பரவல. மருந்துகூட வேண்டாமாம். வருசத்துக்கு ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தாப் போதும்." சொல்லிவிட்டு, ஆல்பின் மேசையிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டே போய்விட்டார்.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "ரோஸ்லெட் சித்திக்குச் சரியாயிடுச்சும்மா" என்றேன். "யாரு பிள்ளே ரோஸ்லெட்?" என்றாள். நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டு, "சளியா? ஆவி பிடி" என்றாள்.

அடுத்த மாதம் வேன் தோட்டத்துக்குப் போனது. பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள். மூக்கன் ஆண்டுவிழாக் குரலில் கேட்டதும் சுஜி, "எனக்கு முந்நூத்தி அம்பது!" என்று தோட்டம் அதிரக் கத்தினாள். ஒன்பது பச்சை. ஒரு மஞ்சள். மஞ்சள்காரி இரண்டு நாள் அழுதாள். அவளை மட்டும் புரைக்குள் விடாமல் பால் அளக்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மேலாளரைக் கேட்கவில்லை. அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

பத்து வீட்டுக்கும் அந்த மெசேஜ் போனது. 'அவரை வெறுக்காதீர்கள். அன்புடன் மீட்டெடுங்கள்.' அதில் ஒரு வீடு பாடகர் குழுத்தலைவரின் வீடு. அந்தப் புரையில் அவருடைய அண்ணியும் வேலை செய்கிறாள். குழுவில் இன்னும் மூன்று பேர் அதே புரை. எல்லோரையும் கீழே உட்கார வைத்தால் அவர் தனியாகத்தான் பாட வேண்டும். விசாரணை முடிந்துவிட்டது என்று அந்த ஞாயிறே அறிவித்தார்.

அண்டி ஆபீஸுக்கு வேன் போனபோது நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை; சரிபார்ப்பாளர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "புகை பிடிக்கிறீர்களா?" என்றது மூக்கன். அம்மா யோசித்தாள். "நான் எங்க பிடிக்கேன், புகைதான் என்னப் பிடிக்குது, இருவத்தி மூணு வருசமாட்டு" என்றாள். மூக்கன் கொஞ்சம் திணறியது. பிறகு மூடி விலகியது. அம்மா கன்னம் உப்ப ஊதினாள். இரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வேறு இல்லை.

பச்சை.

"இந்தத் தடவை வாழ்த்து சொல்லலியே" என்றாள் அம்மா. நான் சொன்னேன்.

அன்று மாலையே ரோஸ்லெட் சித்தியைப் பார்க்கப் போனேன். மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள்; ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் சுஜி. முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தார். கண்ணில் அந்தச் சிவப்பு இல்லை. எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்திருந்தார்.

"சென்னைக்கு ஒரு அறிக்கை எழுதியிருக்கேன் சித்தி" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தக் கேள்வி எப்படித் தப்பு, உங்க பேச்சு வழக்கு தெரியாம எழுதிட்டாங்கன்னு பன்னிரண்டு பக்கம். புரை, சூளை, அண்டி ஆபீஸ், எல்லாத்தையும் தனித்தனிக் கேள்வியா சேக்கச் சொல்லியிருக்கேன். நீங்க கேள்வியத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

ரோஸ்லெட் சிப்ஸ் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பதை நிறுத்தினார். சுஜி வேறு பக்கம் பார்த்தாள்.

"தப்பாட்டா?" என்றார். "பிள்ளே, ஞானம் அந்த மெஷின்கிட்ட பேசும்போ பக்கத்துல நின்னு அவளுக்க கையப் பிடிச்சிருந்தவ நானாக்கும். அது பீடியத்தான் கேக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பின்ன எதுக்கு... சும்மா இருபதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"இருவதுன்னா பொய்யில்லியா? நானூறு உண்மையாக்கும்." முடிச்சை அவிழ்த்து, முதல் சிப்ஸை என் கையில் வைத்தார். "பின்ன, இருவதுன்னு சொன்னா மெஷினு நம்பிப்போடும். எனக்க சோலி முடிஞ்சுது. இவளுவ பத்துப் பேரு? நானூறுன்னு சொன்னா எவளாவது ஒருத்தி, 'இது என்ன கூத்து'ன்னு பஸ் ஏறி வந்து பாப்பாள்லா?"

பஸ் வந்தது. சுஜி ஓடிப்போய் துண்டைப் போட்டு இடம் பிடித்தாள். ரோஸ்லெட் சித்தி படியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையசைத்தார். பஸ் திருப்பத்தைத் தாண்டும்வரை அவர் பாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கையைத் திறந்தேன். ரோஸ்லெட்டின் பதிலைப் பற்றி, 'அறியாமையால் நேர்ந்த இப்பிழை' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். 'பிழை'யை அடித்தேன். 'அறியாமை'யை மட்டும் வைத்துக்கொண்டு, அது யாருடையது என்று சேர்த்து எழுதினேன்.